ஏழு மீட்டருக்குக் கீழே

என் மாமனார் கட்டியது என்று ஊட்டியில் எதையும் கைகாட்டிச் சொல்ல முடியாது. நகரமைப்புத் துறையில் வரைவாளராகச் சேர்ந்து, வேலையில் இருந்துகொண்டே படித்து, மேலே வந்து, ஓய்வு பெறும் வரை மனை, சாலை, வரைபடம் என்றே இருந்தவர். பாலம் கட்டிய இன்ஜினீயருக்குப் பாலம் இருக்கிறது. வாத்தியாருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர் எழுதிய குறிப்புகளில் பாதிக்கு மேல் 'இந்த இடத்தில் கட்டுவது உசிதமல்ல' என்று முடிபவை. இன்றைக்கும் புல்லாகக் கிடக்கும் ஒரு சரிவைக் காட்டி, இது எங்கள் மாமா பார்த்த வேலை என்றால் யார் நம்புவார்கள்?

போன மார்கழியில் இறந்துபோனார். காரியத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். "ஐயா வேண்டாம்னு சொன்னதாலதான் அந்த எடத்த வாங்காம விட்டேன்" என்று படத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் உண்டு. அவரால் மாடி எழுப்ப முடியாமல் போன சொந்தக்காரர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்போதே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நான் ஈரோட்டுக்காரி. எங்கள் ஊரில் வீடு பார்க்கப் போனால் வாசல் எந்தத் திசை, போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமாவோடு ஒரு மனை பார்க்கப் போனேன். அவர் வாசலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மனையின் மேல் மூலைக்கு ஏறிப்போய் நின்று குடையை ஊன்றிக்கொண்டு, "மழை பெஞ்சா இந்தத் தண்ணி எங்க போவும், சொல்லு கண்ணு" என்றார். எனக்கு எல்லாமே பச்சையாகத்தான் தெரிந்தது. கீழே புல் கொஞ்சம் அடர்ந்து, கரும்பச்சையாக ஒரு கோடு போவதைக் குடை நுனியால் காட்டினார். ஓடை அது. ஆறு மாதம் காய்ந்து கிடக்கும். அதன் மேல் அஸ்திவாரம் போட்டால் ஐந்து வருஷம், பத்து வருஷம் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு ஐப்பசியில் அது தன் வழியைக் கேட்டு வரும்.

அவருடைய அப்பா மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதியவர். மண்டி வேலையாகவே மேலே வந்து ஊட்டி மார்க்கெட் பக்கம் குடியேறினார். மாமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படம் வரைய வரும். அந்தக் கையெழுத்தும் கோடும்தான் வேலை வாங்கிக் கொடுத்தன. 1978 நவம்பரிலும் அடுத்த ஆண்டும் நீலகிரியில் பெரிய நிலச்சரிவுகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இங்கே சரிவுகளைத் தேடித் தேடி வரைபடத்தில் குறிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மாமா வேலைக்குப் புதிது. பெரியவர்கள் போகும் இடத்துக்கெல்லாம் பின்னால் டோபோ ஷீட்டை, அதாவது நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடத்தை, சுமந்துகொண்டு போனேன் என்பார். அந்த ஷீட்டில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்துப் போட்டவை சமஉயரக் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கிவந்தால் சரிவு செங்குத்து. நாங்கள் பேப்பரில் கோலத்தைப் பார்ப்பதுபோல அவர் அந்தக் கோடுகளைப் பார்ப்பார், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

ஊட்டி என்பது என்ன என்று எனக்கு விளங்கியது கோடப்பமந்து கால்வாயோரம் அவரோடு நடந்தபோதுதான். சுற்றுலா வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். மேலே சரிவுகளில் இருந்து இறங்கி, ஊருக்கு நடுவே, கடைகளுக்குப் பின்னாலும் பாலங்களுக்கு அடியிலும் நுழைந்து, ஊரின் அத்தனை அழுக்கையும் வாங்கிக்கொண்டு ஏரியில் போய் விழுகிறது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தாவும் பேத்தியும் அதன் ஓரமாகவே ஏரி வரைக்கும் நடப்பார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வருவேன். கால்வாய் குறுகும் இடம் வந்தால் மாமா நின்றுவிடுவார். பேத்தி இரண்டு கையையும் விரித்து அகலம் பார்ப்பாள். பெட்டிக்கடையில் ஆளுக்கொரு வர்க்கி வாங்கித் தின்றபடி, இந்த இடத்தில் ஏன் குறுகியது, யார் சுவரை ஒரு முழம் முன்னால் தள்ளினார்கள் என்று பேசிக்கொண்டே போவார்கள். அந்த வயதுக் குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது என்று அத்தைக்குக் கோபம் வரும்.

ஏரி இருக்கும் இடத்தில் முன்பு சிற்றோடைகள்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் அவற்றைக் கரை கட்டித் தேக்கி, 1823-ல் தொடங்கி 1825-ல் முடித்தார். அப்போது ஏரி இன்றைக்கு இருப்பதைவிட எவ்வளவோ பெரியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வற்றவிட்டு எடுத்த பகுதியில்தான் குதிரைப் பந்தய மைதானமும் பஸ் ஸ்டாண்டும் இருக்கின்றன. பெருமழை பெய்தால் ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நிற்பதை ஒவ்வொரு வருஷமும் செய்தியில் காட்டுகிறார்களே, "ஏரிக்குள்ள தண்ணி வந்துடுச்சுன்னு செய்தி போடறாங்க பாரு" என்று மாமா சிரிப்பார். 2024-ல் அரசு பந்தய மைதானத்தின் 50 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைக் கையகப்படுத்தியபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டாவது டீ கேட்டார். அவர் வழக்கத்துக்கு அது பெரிய கொண்டாட்டம்.

அவருக்கு ஒரு நாயகன் உண்டு: பேட்ரிக் கெடிஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். 1914-ல் இந்தியாவுக்கு வந்தவர். அவர் கொண்டுவர இருந்த நகரமைப்புக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் இருந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்டதே, அதே எம்டன்தான். மனுஷர் சளைக்காமல் நண்பர்களிடம் புதிதாகச் சேகரித்து வரவழைத்து, அடுத்த வருஷம் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார். அப்புறம் தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராக நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார். அகலமான நேர்கோட்டுச் சாலைக்காகத் தெருவையே இடிப்பதை அவர் ஏற்கவில்லை. பழுதான ஒன்றிரண்டு வீட்டை மட்டும் எடுத்துவிட்டு, காற்றுக்கும் நடப்பதற்கும் வழி பண்ணினால் போதும் என்றார். கொசுவுக்குப் பயந்து குளங்களை மூடாதீர்கள், மீனையும் வாத்தையும் விடுங்கள் என்றார். மாமா இதைப் பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்து அத்தையிடம் சொல்ல, "வாத்து வளர்க்கற யோசனையெல்லாம் இந்த வீட்ல வேண்டாம்" என்றாராம் அத்தை. கெடிஸ் வந்துபோன சில ஆண்டுகளில், 1920-ல், சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1971-ம் ஆண்டுச் சட்டம்.

மலைக்கென்று தனி ஏற்பாடுகள் வர வெகுகாலம் ஆயிற்று. 1990-ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம். 1993-ல் மலை நகராட்சிகளுக்கான கட்டட விதிகள். பொதுவாக உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஊர் முழுக்கத் தெரிந்த விதி. தரைத்தளம், மேலே ஒன்று, கூரை, அவ்வளவுதான். காரணம் எளிமையானது. இங்கே பாறைக்கு மேல் மக்கிய மண் பல அடி ஆழத்துக்கு இருக்கிறது. அடைமழையில் அது தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், பிடிமானமும் தளரும். அதன் காலை வெட்டித்தான் நாம் சாலையும் மனையும் போடுகிறோம். அடியை வெட்டிவிட்டு, தலையில் பாரத்தையும் ஏற்றினால் நிற்குமா? தடுப்புச் சுவர் கட்டினாலும் உள்ளே ஊறும் நீர் வெளியே வரத் துளைகள் விட வேண்டும். நிறைய மேஸ்திரிகள் அழகு கெடுகிறது என்று அதைப் பூசி மூடிவிடுவார்கள். மாமா ரோட்டில் போகும்போது யார் வீட்டுச் சுவரானாலும் அந்தத் துளைக்குள் குச்சியை விட்டுக் குத்திப் பார்ப்பார். ஒரு தடவை வீட்டுக்காரம்மா நாயை அவிழ்த்து விட்டுவிட்டார்.

இந்த ஏழு மீட்டர்தான் எங்கள் குடும்பத்தையும் இரண்டாக்கியது.

மாமாவின் தங்கை வீடு எங்கள் வீட்டுக்குக் கீழ்ச் சரிவில். மூத்த மகனுக்குக் கல்யாணம் முடிவாகி, மேலே இன்னொரு தளம் போடலாம் என்று ஆசைப்பட்டார்கள். இருப்பதே உயரத்தின் எல்லையில் இருந்தது. பின்பக்கம் வெட்டிய மண், நனைந்தால் கையால் கிள்ளலாம். தங்கை கணவர் வந்து, "மச்சான், ஊரு பூரா கட்டறான். நீங்க இருந்தும் எங்களுக்கு ஒரு மாடி இல்லைன்னா சிரிக்க மாட்டாங்களா?" என்றார். மாமா முடியாது என்றார். அதிகாரியாக இருப்பதால் முடியாது என்று சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். நீ எந்த ஊரில் இருந்தாலும் அந்த மண்ணின் மேல் மாடி போடாதே என்று சொன்னதுதான் சுட்டுவிட்டது. தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மாமா செய்தது இதுதான்: எங்கள் வீட்டு முன்னறையைக் காலி பண்ணி, குளியலறைக்குத் தனி வழி வைத்து, கல்யாணமான அந்தப் பையனையும் பெண்ணையும் அங்கே குடிவைத்தார். அவர்களுக்குக் கோயம்புத்தூரில் வேலை மாறும் வரை அங்கேதான் இருந்தார்கள். அவருடைய வரைபலகையும் ராட்ரிங் பேனாக்களும் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. நாங்கள் எல்லோரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். தங்கை, மருமகளைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார், அண்ணனிடம் மட்டும் பேச மாட்டார். மாமாவே கதவைத் திறந்துவிட்டு, "வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். மாமா பயந்தபடி எல்லாம் நடந்துவிடவில்லை. அதே சரிவில் விதியை மீறி எழும்பிய கட்டடங்கள் சில இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன, நன்றாக வாடகையும் வருகிறது. மாடி போட்டிருந்தால் தங்கை வீடும் நின்றிருக்கலாம். இதை நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். "இருக்கலாம் கண்ணு. நூறு வீட்ல தொண்ணூத்தெட்டு நிக்கும். எந்த ரெண்டுன்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி பக்கம் கொட்டிய மழையில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர் ஓய்வு பெற்றிருந்தார். ரேடியோவும் டிவியும் ஓடியபடி இருந்தன, ஃபோன் வந்தபடி இருந்தது. நான் முன்பே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில் வந்தது. 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்து நீலகிரியில் தேயிலைக்கும் கூலிக்கும் குடியேறியவர்கள், சமவெளியில் இருந்து பிழைப்புக்கு ஏறி வந்தவர்கள், இவர்களுக்கு யாரும் வேண்டாம் என்று விட்ட சரிவுதான் கிடைத்தது. அங்கே தகரக் கொட்டகை போட்டார்கள். "இங்க கட்டாதேன்னு சொல்றது பாதி வேலை. அப்ப எங்க கட்டறதுன்னு சொல்லணும்ல? மஞ்சள் கலரு அடிச்சா அது குடியிருப்பு. மஞ்சள் அடிக்க நல்ல எடம் இல்லைன்னா, ஆளு பச்சையிலதான் போய் ஒக்காருவான்." நகரமைப்பு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், விவசாயத்துக்கும் திறந்தவெளிக்கும் பச்சை. வேண்டாம் என்ற பாதியைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தோம் என்பது அவருக்கு உள்ளுக்குள் இருந்த குறை.

இந்த இடத்தில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. விதி எல்லோருக்கும் ஒன்று என்கிறார்கள், ஆனால் கல்யாணத்துக்கு ஓர் அறை கேட்கிறவனும் நாற்பது அறை ஹோட்டல் கட்டுகிறவனும் ஒரே வாசலில் நிற்பதில்லை. பெரியவன் கட்டி முடித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போகிறான். சிறியவன் செங்கல் இறக்கிய அன்றே நோட்டீஸ் வாங்குகிறான். உள்ளூர்க்காரர்கள் இந்த விதிகள் மேல் கொண்டிருக்கும் கசப்புக்குக் காரணம் இதுதான். மாமாவும் இதை மறுத்ததில்லை.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்று கேட்டால் என் நாத்தனார்கள் இருவரும் ஜடையில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். அத்தை நர்ஸ். காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். இரண்டு பெண்களுக்கும் தலைவாரி ரெட்டை ஜடை போட்டது அப்பாதான். ஊட்டிக் குளிரில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். ராத்திரியே பாட்டிலை எடுத்து அடுப்படி ஓரத்தில் வைத்துவிடுவார், காலையில் இளகியிருக்கும். சீப்பின் கைப்பிடி முனையால் வகிடு எடுப்பார். ஒரு மயிரிழை கோணினாலும் அவிழ்த்து மறுபடி பின்னுவார். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும், பிள்ளைகள் கத்துவார்கள், அவர் அசைய மாட்டார். எங்கள் கிளாஸிலேயே எங்கள் வகிடுதான் நேர் என்று பெரிய நாத்தனார் இன்றைக்கும் பெருமை பேசுவார்.

என் கணவருக்கு வேறு ஞாபகம். சேரிங் கிராஸில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் அப்பா இவரையும் கூட்டிப்போவாராம். கார், பஸ், லாரி, டூவீலர் என்று கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். சைக்கிள் கட்டம் மட்டும் மகனுடைய பொறுப்பு. அந்த மேட்டில் சைக்கிள் எங்கே வருகிறது? பையன் கடலைப் பொட்டலத்தைக் காலி பண்ணிவிட்டுத் தூங்கிவிடுவாராம்.

2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் இருந்து, நீலகிரிக்குச் சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் எல்லை வகுத்தது. லாட்ஜ்காரர்கள் கொதித்தார்கள், கடையடைப்புக்கூட நடந்தது. மாமா என்ன சொல்வாரோ என்று நான் பார்த்தேன். எல்லையைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. "எத்தனை வருதுன்னு எண்ண ஆரம்பிச்சுட்டாங்கல்ல, அது போதும்" என்றார். எண்ணாமலே பேசுகிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு ஆகாது.

கடைசிக் காலத்தில் அவர் பார்த்த பெரிய திட்டம் எங்கள் வீட்டுப் படிக்கட்டு. ரோட்டில் இருந்து வீட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அத்தைக்கு முட்டி தேய்ந்து, ஏறுவது சிரமமாகிவிட்டது. ஒருநாள் சமையலறைச் சுவரோரம் அத்தையை நிற்கவைத்து, "வலிக்காம எவ்வளவு ஒசரம் தூக்க முடியுதோ அவ்வளவு தூக்கு" என்று காலைத் தூக்கச் சொன்னார். பாதம் எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். காலை, மத்தியானம், ராத்திரி, குளிரான நாள், வெயில் நாள் என்று கோடுகள் சேர்ந்தன. அதில் ஆகத் தாழ்வானதை எடுத்துக்கொண்டார், ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. பழைய படிகளைப் பெயர்த்துவிட்டு அந்த உயரத்தில் கட்டச் சொன்னார். மேஸ்திரி, இப்படிக் கட்டினால் படி எண்ணிக்கை கூடும், இடமும் போகும், யாரும் இப்படிக் கட்டுவதில்லை என்றார். "படி கூடட்டும்" என்றார் மாமா. நடுவில் இரண்டு இடத்தில் உட்காரத் திண்டு, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய், ஓரத்தில் மழைநீர் இறங்க ஒரு சாண் அகல வாய்க்கால். எங்கள் வீட்டுக்கு வரும் இளவட்டங்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கித் தடுமாறுவார்கள். அத்தை நிமிர்ந்து இறங்கி வருவார்.

இப்போது அந்தப் படியும் அவருக்கு முடியவில்லை. அவருடைய படுக்கையறை மாடியில் இருக்கிறது. கீழே பக்கவாட்டில் ஓர் அறையும் கழிப்பறையும் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் சின்ன நாத்தனார், "ஒரே ஒரு ரூமுக்கு எதுக்கு அண்ணி ப்ளான், அப்ரூவல்? ரெண்டு ராத்திரியில கூரை போட்டுருவாங்க" என்றார். பெரிய நாத்தனார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஃபோனிலேயே சண்டை. கடைசியில் முறைப்படி போவது என்று முடிவாகி, உரிமம் பெற்ற இன்ஜினீயர் ஒருவரிடம் வரைபடம் போடச் சொன்னோம். இளைஞர், சுறுசுறுப்பானவர். லேப்டாப்பில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார், ஜன்னலில் திரைச்சீலைகூட இருந்தது.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ரூம் நல்லாத்தான் இருக்குது தம்பி. இந்தக் கூரைத் தண்ணிய எங்க விடறீங்க?"

இன்ஜினீயர் ஒரு மூலையைக் காட்டினார்.

"அங்க விட்டா எங்க நாத்தனார் வீட்டுப் பின்சுவருக்குப் போயிருமே. ஏற்கெனவே பேச்சுவார்த்தை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது."

இன்ஜினீயர் படத்தை எடுத்துப் போயிருக்கிறார். குழாயைச் சுற்றிக் கொண்டுபோய்ப் படிக்கட்டு வாய்க்காலில் சேர்க்க வேண்டுமாம். அதற்குக் கூரைச் சரிவையே மாற்ற வேண்டும், அறை அரை அடி குறையும், கட்டில் சுவரை ஒட்டித்தான் போட முடியும். புதன்கிழமை புதுப் படத்தோடு வருகிறேன் என்றார். அதை ஆன்லைனில் ஏற்றிய பிறகு எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். மாமா பேரைச் சொன்னால் சீக்கிரம் வருமா என்றும் கேட்டேன். அந்தப் பேரைச் சொன்னால் இன்னும் ரெண்டு தடவை அளந்து பார்ப்பார்கள் மேடம் என்றார்.